மூணாம் பல்லு

மெஷின் ஒரு மூச்சு கொடுத்தது, துளசிமணி வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொள்ளாமல் என்ன செய்வது. வாய்க்குள் விரல் தடிமனுக்கு ஒரு குழாய், அது தொண்டையைத் தாண்டி நெஞ்சுக்குள் எங்கேயோ போய் நிற்கிறது, தலைமாட்டில் இருக்கிற வென்டிலேட்டர் உஸ்ஸென்று ஊதினால் ஊதின காற்று வந்துதான் தீரும், வேண்டாம் என்று சொல்ல வாய் எங்கே இருக்கிறது. வெளியே விடுவது மட்டும்தான் அவள் பொறுப்பு. அதையும் அவளுக்கு முன்னால் வயிறு செய்துவிடுகிறது. மேலே ஏறி வந்து, அடிநெஞ்சில் முட்டி, போதும் போதும் என்று தள்ளிவிடுகிறது. உட்காருவதற்குள் எழுப்பி அனுப்பின விருந்தாளி மாதிரி காற்று திரும்பிப் போகிறது. உஸ். மறுபடி ஒன்று. சுவர்க் கடிகாரத்தில் எட்டு பத்து. காலை எட்டு பத்துக்கு அவள் இருக்கவேண்டிய இடம் பொள்ளாச்சி மகாலிங்கபுரம் ரவுண்டானா, ‘துளசி மகளிர் டிரைவிங் ஸ்கூல்’ என்று கதவில் எழுதின வெள்ளைக் காரில் இடப்பக்க சீட், காலடியில் அவளுக்கென்று தனியாக வைத்த பிரேக், பக்கத்தில் ஸ்டீயரிங்கைக் கோழியைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு வேர்த்து ஒழுகுகிற யாராவது ஒரு பெண். ஒன்பது நாளாகக் கார் வாசலில் நிற்கிறது. பேட்டரி இறங்கியிருக்கும். ஒன்பது நாள் என்று ஸிஸ்டர்தான் சொன்னாள், காய்ச்சல் வந்தது, சளி நெஞ்சில் இறங்கி நிமோனியா ஆனது, மூச்சு முட்டி ஆம்புலன்ஸில் ஏற்றினது வரைக்கும்தான் அவளுக்கு ஞாபகம், அப்புறம் ஆறு நாள் மருந்து மயக்கத்தில் போயிருக்கிறது, முழு நினைவோடு இருப்பது இந்த மூன்று நாளாகத்தான். அந்த ஆறு நாளில் அவளைப்பற்றி என்னவெல்லாம் தெரிந்துகொண்டார்களோ. எடை தெரிந்துவிட்டது. கட்டிலிலேயே எடை பார்க்கிற வசதி இருக்கிறதாம். நூற்று முப்பத்தொன்று. வீட்டில் அவள் நூற்றுப் பதினெட்டு என்று சொல்லி வைத்திருந்தாள்.

உஸ். முட்டல். விலாவுக்குக் கீழே அந்த மடிப்பு இன்னும் இருக்கிறது. அதுதான் பிரச்சினை, அது அவளுக்குத் தெரியும், இந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தித்தான் வைத்திருக்கிறார்கள். முப்பது டிகிரி என்று காகிதத்தில் எழுதவும் செய்கிறார்கள். ஆனால் உயர்த்தின நேரத்திலிருந்து அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சரிந்துகொண்டே வருகிறாள், முந்தாநாள் மத்தியானம் ஒரு ஜாண், ராத்திரிக்குள் இன்னொரு ஜாண். இடுப்புக்கு நேராக மடியவேண்டிய கட்டில் இப்போது விலாவுக்கு நேராக மடிகிறது. கட்டில் உட்கார்ந்திருக்கிறது, அவள் உட்காரவில்லை. தலை மட்டும் தூக்கி நிற்க, உடம்பு நடுவில் நசுங்கி, போக இடமில்லாத வயிறு முழுவதும் நெஞ்சுக்குள் குடியேறப் பார்க்கிறது. மேலே இழுத்துவிட்டால் போதும். ஒரே இழுப்பு. ஆனால் அவளை இழுக்க நாலு பேர் வேண்டும். முந்தாநாள் விரிப்பு மாற்ற நாலு பேர் வந்தார்கள், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் தூக்கினார்கள், அதில் ஓர் ஆள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றதை அவள் பார்த்தாள். அப்போது முடிவு செய்ததுதான், இனி யாரையும் கூப்பிடச் சொல்வதில்லை. நாலு பேர். சின்ன வயசிலிருந்தே நாலு பேர்தான். நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள், நாலு பேர் முன்னால் நடந்து போகாதே, நாலு பேர் உட்காருகிற பெஞ்சில் நீ உட்காராதே. கடைசியில் தூக்கிக்கொண்டு போகிறதும் நாலு பேர்தானாம், அவளுக்கு ஆறு பேர் வேண்டியிருக்கும். சீ, காலங்காத்தாலே என்ன நினைப்பு இது. சிரிப்பு வந்தது. குழாய் வாயில் இருக்கும்போது சிரித்தால் மெஷின் கீகீயென்று கத்தும். கத்தியது.

கத்தலுக்கு ஓடிவந்தவள் அனிஷா ஸிஸ்டர், மார்த்தாண்டம் பக்கத்துப் பெண், அவள் பின்னாலேயே டாக்டர் மகுடேஸ்வரனும் வந்தார். நாற்பது வயது இருக்கும், பேசும்போது கட்டில் கம்பியைத் தடவிக்கொண்டே பேசுகிற பழக்கம். “என்னங்கம்மா, தூங்குனீங்களா?” தலையாட்டினாள். பொய். “நேத்து மெஷினோட உதவியக் கொறச்சுப் பாத்தமில்லீங்களா, இருவது நிமிசத்துல மூச்சு வாங்கிருச்சு. இன்னைக்குப் பதினோரு மணிக்கு இன்னொரு தடவ பாத்தரலாம். நிமோனியா நல்லா வத்திருச்சுங்க. நீங்களாவே மூச்ச இழுக்கோணும், அது ஒண்ணுதான் பாக்கி. இன்னைக்கும் முடியிலீன்னா, நாளைக்குக் கழுத்துல சின்னதா ஒரு துளை போட்டுக் கொழாய அங்க மாத்திக்கலாம். பயப்படற மாதிரி ஒண்ணுமில்லீங்க.” அவர் கம்பியைத் தடவி முடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை. கழுத்தில் துளை. சின்னதா. சின்னது என்றால் எவ்வளவு, பட்டன் அளவா, எட்டணா அளவா. துளை வழியாக மூச்சு போனால் குரல் எங்கே போகும். கொஞ்ச நாளைக்குத்தான் என்பார்கள். கிளச்ச விடு கண்ணு, மெதுவா, மெதுவா விடு, கண்ணாடியப் பாரு, என்னையப் பாக்காத, ரோட்டப் பாரு. முப்பது அடி தள்ளி நடந்து போகிறவனும் கேட்டு ஒதுங்குகிற குரல். உடம்பைப் பார்த்துச் சிரிக்க வந்தவர்கள் குரலைக் கேட்டு நிற்பார்கள். அது இல்லாமல் துளசிமணி என்று மீதி என்ன இருக்கிறது, நூற்று முப்பத்தொரு கிலோ இருக்கிறது. நேற்று இருபது நிமிடத்தில் தோற்றது நெஞ்சு இல்லை. நேற்றும் அந்த மடிப்பு இதே இடத்தில்தான் இருந்தது. சீட்டில் ஒழுங்காக உட்காராதவளைக் காட்டு ரோட்டில் ஓட்டச் சொல்லி, பார், இவளுக்கு வண்டி வரவில்லை என்றால் எப்படி. அவள் பள்ளியில் முதல் பாடமே அதுதானே. சாவியைத் தொடுவதற்கு முன்னால் சீட். பிரேக் எட்டுகிறதா, முதுகு ஒட்டியிருக்கிறதா, மூச்சு விட முடிகிறதா. மூன்றும் சரியென்றால்தான் சாவி. சொல்லவேண்டும். நாலு பேரோ நாற்பது பேரோ, சொல்லிவிடவேண்டும்.

கையைத் தூக்கி எழுதுகிற மாதிரி காட்டினாள். அனிஷா அட்டையும் பேனாவும் கொண்டுவந்து கொடுத்தாள். ஊசி குத்தி வீங்கின கை, விரல்கள் யாருடையவோ மாதிரி இருந்தன. ‘கீழே சரிந்துவிட்டேன், மேலே இழுத்து உட்காரவையுங்கள்’ என்று மனசுக்குள் முழுசாக இருந்தது, பேனா முனைக்கு வருவதற்குள் எல்லாம் உதிர்ந்து ஒரே சொல்தான் மிஞ்சியது. சீட்டு. எப்போதும் சொல்கிற சொல். அனிஷா அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சீட்டா? மருந்துச் சீட்டாம்மா? அது ஃபைல்ல பத்திரமா இருக்கு, கேட்டியளா.” துளசிமணி தலையை ஆட்டினாள், இல்லை. கீழே ஒரு கோடு போட்டாள், அதன்மேல் சாய்வாக இன்னொரு கோடு, முதுகு சாய்கிற இடம். “இதென்ன, நாலா? நாலு சீட்டா?” ஐயோ, நாலு. இந்த நாலு எங்கே போனாலும் வந்துவிடும். “டென்ஷன் ஆவாண்டாம்மா, உங்க வீட்டுக்காரரு வருவாருல்லா, பத்தரைக்குப் பாக்க விடுவாவ, அவருட்ட கேட்டுக்கலாம்.” அட்டையை வாங்கி வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துவிட்டாள். நல்ல பெண். ஈரத்துணி ஜில்லென்று இருந்தது. உதவி செய்கிறவர்களுக்குப் புரியவைக்க முடியாமல் இருப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எத்தனை பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள், அக்கா நான் பிரேக்கத்தான் மிதிச்சேன், வண்டிதான் போகுது என்று. அவர்கள் மிதித்தது ஆக்சிலேட்டரை. அவர்கள் உள்ளுக்குள் சொன்னது பிரேக். உள்ளே இருக்கிறதும் வெளியே போகிறதும் வேறு வேறாக இருக்கும்போது மனிதர்கள் எவ்வளவு தனியாகிவிடுகிறார்கள் என்று அப்போது தெரியவில்லை. சத்தம் போட்டிருக்கிறாள். இனிமேல் போடக்கூடாது. கொஞ்சமாகப் போடலாம்.

ஒன்பது ஐந்து. ஒன்பது பன்னிரண்டு. ஜன்னல் வெயில் தரையில் ஒரு கட்டம் நகர்ந்தது. உஸ். கண்ணை மூடினால் தண்ணீர் வருகிறது, பயத்தில் வருகிற கண்ணீர் இல்லை, வாய்க்கால் தண்ணீர். ஆழியாறு அணையிலிருந்து திறந்துவிட்டால் ஊருக்குப் பக்கத்து வாய்க்காலில் கழுத்தளவு ஓடும். பதினாறு வயசில் தோழிகளோடு போவாள், கரையில் இருக்கும்வரை தாவணியை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு, எல்லோரும் இறங்கின பிறகு கடைசியாக, யாரும் பார்க்காதபோது இறங்குவாள். இறங்கினதும் நடக்கும் அந்த அதிசயம். வயிறு காணாமல் போகும். இருக்கும், ஆனால் பாரம் இருக்காது, தண்ணீர் அதை வாங்கிக்கொள்ளும், இரண்டு கையாலும் ஏந்துகிற மாதிரி. நெஞ்சு தானாக விரியும். ஒல்லிக்குச்சிப் பெண்கள் எல்லாம் மூழ்கி மூழ்கி எழுந்து மூக்கில் தண்ணீர் ஏறித் தும்மிக்கொண்டிருக்க அவள் மல்லாக்கக் கூடப் படுக்காமல், நின்ற வாக்கில், தெப்பம் மாதிரி மிதப்பாள். ஏ துளசி, நீ எப்படிடீ முங்காம இருக்கறே? அதற்கு என்ன பதில் சொன்னாள், ஞாபகமில்லை, சிரித்திருப்பாள். மூச்சு என்பது எவ்வளவு பெரியது என்று அந்த வாய்க்காலில்தான் தெரிந்தது. அடிவயிறு வரைக்கும் போய், அங்கே கொஞ்சம் இருந்துவிட்டு, விருப்பப்பட்டுத் திரும்பி வரும். நின்றால் வரும், உட்கார்ந்தால் வரும். படுத்தால் மட்டும் கல் ஏறிக்கொள்ளும். கல்யாணமான புதிதிலிருந்தே ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து உட்காருவாள், திருமூர்த்தி பயந்துபோய் எழுந்து அவரும் உட்காருவார், இரண்டு பேரும் இருட்டில் சாமி கும்பிடுகிற மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். பம்புசெட் மோட்டாருக்குச் சுருள் கட்டுகிற மனுஷன். மோட்டார் சத்தத்தைக் கேட்டே எந்தச் சுருள் கருகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். பெண்டாட்டியின் மூச்சுச் சத்தத்தை விட்டுவிடுவாரா. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பழைய கார் உடைக்கிற கடையிலிருந்து ஓர் அம்பாசிடர் கார் சீட்டைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

உஸ். மெஷின் கத்தியது. ஏன் கத்துகிறது. நான் ஒன்றும் சிரிக்கவில்லையே. நெஞ்சுக்குள் சளி கரகரக்கிறது, அனிஷா வந்து சின்னக் குழாய் விட்டு உறிஞ்சினாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது, முடிந்தது. இன்னும் அரை விரல்கடை கீழே சரிந்தாயிற்று. பத்து ஐந்து. பதினோரு மணிக்கு என்ன செய்வார்கள். உதவியைக் குறைப்பார்கள், காற்று தானாக வராது, இழுக்கவேண்டும், இழுப்பாள், வயிறு தள்ளும், மறுபடி இழுப்பாள், ஒன்று, இரண்டு, பத்து, நூறு, இருபது நிமிடம், தோள்பட்டை எல்லாம் சேர்ந்து இழுக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், போதும்மா போதும் என்பார்கள், நாளைக்குத் துளை. பட்டன் அளவு. வால்பாறை மலை ரோட்டில் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கப் பழக்கும்போது வண்டி பின்னால் வழுக்குமே ஒரு நொடி, அந்த நொடி இப்போது நீண்டு நீண்டு பத்து இருபதாகி, பத்து முப்பதாகி, கதவு திறந்தது. திருமூர்த்தி வந்தார். பச்சை அங்கி போட்டு, தலைக்குத் தொப்பி போட்டு, காலுக்கு உறை போட்டு. ஐம்பத்திரண்டு கிலோ மனுஷன், அங்கிக்குள் ஆளைத் தேடவேண்டியிருந்தது. “ஏம்புள்ள,” என்றார். அவளையே பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சைப் பார்த்தார், காதைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு. ஓடுகிற மோட்டார் முன்னால் நிற்கிற அதே நிற்பு. பிறகு கட்டிலைப் பார்த்தார். “ஏனுங்க ஸிஸ்டர், இவ என்னுங்க இப்புடிக் கெடக்கறா?”

அனிஷா அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். “காலையில எழுதினாவ. சீட்டுன்னு. என்ன சீட்டுன்னு தெரியல்ல.” திருமூர்த்தி ஒரு பார்வைதான் பார்த்தார். “சீட்டுங்க. காரு சீட்டு.” அனிஷாவுக்குப் புரியவில்லை. அந்த நேரம் அடுத்த கட்டில்காரரைப் பார்க்க வந்திருந்த டாக்டர் திரும்பிப் பார்த்தார். திருமூர்த்தி அவரைப் பார்த்துக் கும்பிட்டார், கும்பிட்ட கையை இறக்காமலே பேச ஆரம்பித்துவிட்டார். “டாக்டருங்க, இவ படுத்துத் தூங்கிப் பதினோரு வருசம் ஆச்சுங்க. படுத்தா இவளுக்கு ஆகாதுங்க. கட்டலுக்குப் பக்கத்துல காரு சீட்டு ஒண்ணுக்கு இரும்புக் காலு வெச்சுக் குடுத்திருக்கறனுங்க, அதுல உக்காந்துதாங்க தூங்குவா. பொறத்தால சாயறதுக்கு லீவர் இருக்குதுங்க, லீவர்ல பல்லுப் பல்லா இருக்கும். மூணாம் பல்லுல வெச்சா நல்லாத் தூங்குவா. நாலாம் பல்லுக்குப் போனா இருமுவா. ரெண்டாம் பல்லுல கழுத்து வலிக்குதும்பா. மூணாம் பல்லுதானுங்க கணக்கு.” டாக்டர் பக்கத்தில் வந்தார். “இத ஏனுங்க முன்னாலயே சொல்லுல?” “ஆருமே கேக்குலீங்களே.” டாக்டர் குனிந்து கட்டில் மடிகிற இடத்தைப் பார்த்தார், அவள் இடுப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தார், உச்சுக்கொட்டினார். “எப்புடி உக்காருவாங்க? காட்டுங்க பாக்கலாம்.” அப்போது திருமூர்த்தி செய்த காரியத்தை அவள் சாகிறவரை மறக்கமாட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டார், உட்கார்ந்தார், அந்த வத்தல் மனுஷன் இல்லாத வயிற்றை இரண்டு கையாலும் ஏந்தி மெதுவாகத் தொடைகளுக்கு நடுவே இறக்கி வைத்தார். முழங்காலை அகட்டினார். முதுகைச் சாய்த்தார், மூணாம் பல் அளவுக்கு. தாடையைக் கொஞ்சம் தூக்கினார். கண்ணை மூடினார். அவளேதான். அவள் உட்காருகிற உட்காருதல் அவ்வளவும் அந்த எலும்பு உடம்பில் வந்து இறங்கியிருந்தது. அவர் நடித்ததில் கேலி இல்லை, ஒரு மோட்டாரின் உள் அமைப்பைக் காட்டுகிற மாதிரி கவனம் இருந்தது. “இப்புடி இருந்தா வகுறு கீழ எறங்கிக்கும், நெஞ்சு ப்ரீ ஆயிருமுங்க,” என்றார் கண்ணைத் திறக்காமலே. பதினோரு வருஷமாக இவர் தூங்கவே இல்லையா, என்னைப் பார்த்துக்கொண்டா இருந்தார்.

“நாலு பேரக் கூப்புடுங்க,” என்றார் டாக்டர். வந்தார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆளும் வந்தான். துளசிமணி அவனைப் பார்த்து மன்னிச்சுக்கோ என்பதுபோல் கண்ணைச் சிமிட்டப்போனாள், அவன் அதற்குள், “அக்கா, ரெடியா? போன தடவ நான் காலத் தப்பா வெச்சுட்டேன், இப்பப் பாருங்க,” என்றான். ஒண்ணு. ரெண்டு. மூணு. போனாள், மேலே, விரிப்போடு, வழுக்கிக்கொண்டு, தலைமாடு வரைக்கும், எவ்வளவு சுலபமாகப் போனாள், இதற்கா மூன்று நாள். அனிஷா பொத்தானை அழுத்தினாள், தலைமாடு நிமிர்ந்தது. இடுப்பு சரியான இடத்தில் மடிந்தது, ஆனால் நிமிர நிமிர வயிறு தொடையில் முட்டி மறுபடி மேலே ஏறியது, மெஷின் கத்தியது, இல்லை, இதுவும் இல்லை, இது முதல் பல். அவள் உள்ளங்கையை நேராக விரித்து அப்படியே சாய்த்துக் காட்டினாள், ஏற்றத்து ரோடு மாதிரி. மறுபடி சாய்த்துக் காட்டினாள். டாக்டருக்குப் புரிந்துவிட்டது. “நிறுத்துங்க ஸிஸ்டர். மடிக்கறதக் கொஞ்சம் கொறச்சுட்டு, கட்டிலையே சாய்ங்க. தல மேல, காலு கீழ. கால்மாட்டுப் பலகையில பாதத்த ஊணிக்கட்டும். மொழங்கால் ரெண்டையும் அகட்டி, தலைகாணி வெச்சுருங்க.” கட்டில் முழுவதுமாகச் சாய்ந்தது. பாதம் பலகையைத் தொட்டது. தொடைகளுக்கு நடுவே வழி கிடைத்ததும் வயிறு தயங்கித் தயங்கி இறங்கியது, நெடுநேரம் நின்றுகொண்டே பயணம் செய்தவனுக்கு இடம் கிடைத்த மாதிரி. உஸ். இந்த உஸ் வேறு. காற்று வந்தது, நெஞ்சில் நிற்கவில்லை, கீழே போனது, விலாவைத் தாண்டி, முதுகுப் பக்கம் ஒன்பது நாளாகப் பூட்டிக் கிடந்த அறை ஏதோ திறந்தது, அங்கேயும் போனது. அங்கே இருந்தது. போதும் என்று யாரும் சொல்லவில்லை. அதுவாகத் திரும்பியது. “சார், முந்நூத்திப் பத்துல இருந்துது, இப்ப நானூத்தி அம்பது வருது,” என்றாள் அனிஷா மெஷினைப் பார்த்து. அந்த எண் ஒரு மூச்சுக்குள் போகிற காற்றின் அளவு என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. திருமூர்த்தி காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். “சத்தம் நல்லாருக்குதுங்க.”

அவரை வெளியே அனுப்பிவிட்டுப் பதினோரு மணிக்கு உதவியைக் குறைத்தார்கள். ஒரு மணி நேரம் என்றார்கள். முதல் மூச்சை இழுக்கப் பயமாகத்தான் இருந்தது. இழுத்தாள். வந்தது. அட. இன்னொன்று. அதுவும் வந்தது. தோள் சேர்ந்து இழுக்கவில்லை, கழுத்து புடைக்கவில்லை, நெஞ்சுக்கடியில் எங்கேயோ ஒரு தசை தானாக இறங்கித் தானாக ஏறியது, நல்ல கிளச் மாதிரி, இருக்கிறதே தெரியாமல். பதினொன்று ஏழு. நேற்று இந்த நேரம் வேர்த்துக் கொட்டியது. பதினொன்று இருபது. இதுதான் நேற்று நின்ற இடம், கடக்கப் போகிறோமா, கடந்துவிட்டோமா, ஒரு மூச்சு தடுக்கியது, ஐயோ, தடுக்கினது மூச்சா நினைப்பா, நினைப்புத்தான், நினைக்காதே, நினைக்காமல் எப்படி இருப்பது, மூச்சை நினைக்காதே என்று நினைப்பதும் மூச்சை நினைப்பதுதான். வேறு ஏதாவது. சகுந்தலா டீச்சர். ஐம்பத்தெட்டு வயசில் ஓய்வு பெற்ற மறுநாள் வந்தாள், எனக்கு டவுன் எல்லாம் வேண்டாம் துளசி, வால்பாறைக்கு நானே ஓட்டிக்கிட்டுப் போகணும் என்றாள். நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் டீச்சர் வாய்ப்பாடு மாதிரி எண்ணினாள். இருபதாவதில் நிறுத்தினார்கள், கொய்யாப்பழம் தின்றார்கள், கீழே அணைத் தண்ணீர் ஒரு நீலச் சீலைத் துண்டாகக் கிடந்தது. நாற்பதாவது தாண்டினதும் டீச்சர் காரை ஓரங்கட்டி இறங்கி, ரோட்டோரம் நின்று, ஸ்கூல் விட்ட பிள்ளை மாதிரி ஊய்யென்று கத்தினாள். தேயிலை பறித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். நாலு பேர் இல்லை, நாற்பது பேர். அவளும் இறங்கிப்போய்ப் பக்கத்தில் நின்று கத்தினாள், இவ்வளவு பெரிய உடம்பிலிருந்து வந்த கத்தல் எதிர் மலையில் பட்டுத் திரும்பியது. எப்பேர்ப்பட்ட உடம்பு இது. பாவம், இதைப் போய் எத்தனை திட்டு திட்டியிருக்கிறாள். ஒன்பது நாள் காய்ச்சலை உள்ளே வைத்துப் பொசுக்கி வெளியே தள்ளியிருக்கிறது, சாய்த்து வைத்தால் போதும் என்று மட்டும்தான் கேட்டது. பதினொன்று ஐம்பத்தைந்து. யாருடைய மூச்சு இது இவ்வளவு நிதானமாக. என்னுடையது.

பன்னிரண்டேகாலுக்கு டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, “எடுத்தரலாமுங்க,” என்றார். கட்டிலை இறக்காமல், அப்படியே உட்கார்ந்த வாக்கில். அனிஷா கன்னத்து ஒட்டுப் பட்டையை உரித்தாள். “ஒரு பெரிய மூச்சு இழுங்க… இருமுங்க, நல்லா!” துளசிமணி இருமினாள். தொண்டைக்குள்ளிருந்து ஒரு நீளப் பாம்பு உருவிக்கொண்டு போனது. அவளுக்குள் அவ்வளவு இருமல் இருந்தது அவளுக்கே தெரியாது, கட்டில் குலுங்கியது, எதிர்க் கட்டில்காரர் முழித்துக்கொண்டார். “பேரச் சொல்லுங்க பாக்கலாம்,” என்றார் டாக்டர். ஒன்பது நாளாகச் சேர்த்து வைத்திருந்தது எவ்வளவோ. திறந்த வாயிலிருந்து லாரி டிரைவர் குரல் ஒன்று வந்தது. “துளசிமணி.” யார்றா இது என்று அவளே திடுக்கிட்டாள், பிறகு சிரித்தாள், சிரிப்பு இருமலாகி இருமல் சிரிப்பாகி வயிறு குலுங்கக் குலுங்க, “சிரிக்காதியம்மா, சிரிக்கப்படாது,” என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அனிஷா தானும் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் மாஸ்க் ஒன்று வைப்போம், ராத்திரிக்கும் இதே சாய்வுதான், யாரும் இறக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லி, காகிதத்தில் எழுதவும் எழுதினார். அவள் அதைக் கேட்டாள், கேட்கவில்லை. மூக்கில் ஏதோ நடந்துகொண்டிருந்தது. வாசனை. குழாய் இருந்தவரை மூக்கு வழியாகக் காற்றே போகாததால் உலகத்துக்கு வாசனை உண்டென்பதே மறந்திருந்தது. தரையில் பினாயில். ஸ்பிரிட். அனிஷாவின் தலையில் தேங்காயெண்ணெய், காலையில் வைத்த மல்லிகையின் மிச்சம். கதவு திறந்தது, திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே வார்னிஷ் வாசனை வந்துவிட்டது, சுருளில் பூசுகிற வார்னிஷ், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாதது, இருபத்தேழு வருஷமாகக் குடலைப் பிடுங்குது மாமா என்று அவள் மூக்கைப் பொத்திக்கொள்கிறது. “வாங்க மாமா,” என்றாள் லாரி டிரைவர் குரலில். திருமூர்த்தி அங்கேயே நின்றுவிட்டார். பிறகு கிட்டே வந்து, பக்கத்து வீட்டு மாதுளைச் செடி காய் பிடித்திருக்கிறது, காருக்கு பேட்டரி சார்ஜ் போட்டாயிற்று, மூன்று பெண்கள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள் என்று வரிசையில்லாமல் சொல்லிக்கொண்டே போனார். அவள் இன்னும் கிட்டே வரச்சொல்லிக் கை காட்டினாள். மாதுளை போன தடவையும் இப்படித்தான் பிடித்து உதிர்ந்தது, தண்ணீர் அதிகம் ஊற்றுகிறார்கள், போய்ச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், கொஞ்ச நேரமாகவே தான் மூச்சைப்பற்றி நினைக்கவில்லை என்பது உறைத்தது. எவ்வளவு நேரமாக என்று கடிகாரத்தைப் பார்க்கத் திரும்பினாள். அதற்குள் அவர் மாதுளைக்கு எறும்புப் பொடி போட்டதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார், எறும்புப் பொடியா, அதை எதுக்கு மாமா அதுக்குப் போட்டீங்க என்று கேட்கத் திரும்பினவள், கடிகாரத்தைப் பார்க்க மறந்துபோனாள்.